தெற்கே போகப் போகக் கனக்கும் ஒயின்

ஞாயிறு, போன் நகரம்

பாரிஸிலிருந்து டிஜோன் வரை அதிவேக ரயில், அங்கிருந்து வாடகைக் கார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் போன் நகரத்துக்கு வந்துவிட்டோம். செப்டம்பர் கடைசி. திராட்சை அறுவடை முடிந்தும் முடியாமலும் இருக்கிற நேரம். சந்துகளில் நடந்தால் பாதாள அறைகளின் சன்னல் வழியாகப் புளித்த பழவாசம் தெருவுக்கே வருகிறது.

திட்டம் இதுதான். இங்கிருந்து தெற்கே, முதலில் சோன் ஆற்றை ஒட்டி லியோன் வரை, பிறகு ரோன் ஆற்றை ஒட்டி அவிஞோன் வரை. நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்த ஒரே கோட்டில் பினோ நுவார், கமே, சிரா, கிரெனாஷ் என்று நான்கு சிவப்பு ஒயின் திராட்சைகள் வரிசையாக வருகின்றன. மேற்கே உள்ள பேர்பெற்ற ஒயின் வட்டாரமான போர்தோவுக்கு ஏன் போகவில்லை என்று தோழிகள் கேட்டார்கள். போர்தோவில் கபர்னே சோவின்யோன், மெர்லோ என்று கலந்துதான் செய்வார்கள். எந்த ருசி எதிலிருந்து வந்தது என்று பழகாத நாக்குக்குப் பிரிக்க வராது. இந்தப் பாதையில் தெற்குக் கோடிக்குப் போகும் வரை பெரும்பாலும் ஊருக்கு ஒரு திராட்சைதான்.

கார் ஓட்டுவது இவர். இவர் குடிப்பதில்லை, எப்போதுமே. பிரான்சில் வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம் என்பதால் இந்தப் பயணத்துக்கு இவரைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் இவருக்கு மூக்கு உண்டு. போடியில் ஏலக்காய், மிளகு வியாபாரம் பார்த்த குடும்பம். ஒரு பிடி அள்ளி முகர்ந்தே சரக்கு பழசா புதுசா என்று சொல்லிவிடுவார். நான் குடிக்கிறேன், இவர் முகர்கிறார் என்று ஒப்பந்தம்.

ஊரின் நடுவே ஓஸ்பிஸ் என்கிற பழைய தர்ம ஆஸ்பத்திரி. இந்த வட்டாரத்துக்குப் பெயர் பர்கண்டி. அதன் பிரபுவின் தலைமை மந்திரி நிக்கோலா ரோலன் 1443இல் ஏழைகளுக்காகக் கட்டியது. பச்சை, மஞ்சள், சிவப்பு ஓடுகளைக் கோலம் போட்ட மாதிரி அடுக்கிய கூரை. நீண்ட கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், எல்லாவற்றுக்கும் சிவப்புத் திரை. நூற்றாண்டுகளாகப் பணக்காரர்கள் இந்த ஆஸ்பத்திரிக்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு நஞ்சை எழுதிவைப்பது நமக்குப் புதிதில்லையே. அந்தத் தோட்டங்களில் விளையும் ஒயினை 1859 முதல் ஏலம் விடுகிறார்கள், நவம்பர் மூன்றாம் ஞாயிறு.

இரவு உணவுக்கு அந்த வட்டாரத்தின் சாதாரண பினோ நுவார் ஒரு கிளாஸ். தூக்கிப் பிடித்தால் கிளாஸின் பின்னால் இருக்கும் மெனு அட்டையைப் படிக்கலாம், அவ்வளவு வெளிறிய சிவப்பு.

“என்ன இது, தண்ணி கலந்துட்டாங்களா?” என்றார் இவர்.

இந்தக் கேள்வியில்தான் சிவப்பு ஒயினின் பாதி விஷயம் இருக்கிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சையைப் பிதுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தோல் கறுப்பு, உள்ளே சதை பச்சைக் கண்ணாடி. ஒயின் திராட்சையும் அப்படித்தான். ஒருசில வகைகளைத் தவிர எல்லாவற்றுக்கும் சாறு நிறமற்றது. நிறம் முழுக்கத் தோலிலிருந்து ஊறி வருவது. நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் தோல், விதை, காம்பு இவற்றிலிருந்து வருவதுதான். வாழைப்பூவைச் சமைக்காமல் ஓர் இதழ் மென்றால் ஈறு வறண்டு இறுகுமே, அதுதான் டானின். பினோ நுவாருக்கு மெல்லிய தோல். அதனால் நிறமும் குறைவு, பிடிப்பும் குறைவு. மிஞ்சுவது புளிப்பும் வாசமும்.

வாசத்தில் செர்ரி, கூடவே லேசாகப் பன்னீர் ரோஜா. இவர் கிளாஸை மூக்கருகே பிடித்து ரொம்ப நேரம் வைத்திருந்தார். “கிராம்பு இருக்கு” என்றார். பரிசாரகரிடம் கேட்டால், கொஞ்ச நாள் புது ஓக் பீப்பாயில் இருந்த ஒயினாம். கிராம்புக்கு வாசம் தரும் யூஜினால் ஓக் மரத்திலும் உண்டு. வெனிலா வாசமும் அப்படித்தான் பீப்பாயிலிருந்து இறங்குகிறது.

இவர் சாப்பிட்டது சிவப்பு ஒயின் குழம்பில் வேகவைத்த முட்டை. “கொதிச்சா ஆல்கஹால் எல்லாம் போயிடும்ல?” என்று கேட்டார். முழுக்கப் போகாது என்று தட்டு காலியான பிறகு சொன்னேன்.

திங்கள், வூஜோ

டிஜோனிலிருந்து சான்த்னே வரை சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒரு சரிவு, கிழக்கே பார்த்து நிற்கிறது. அகலம் அதிகமில்லை. மேலே காடு, அடியில் நெடுஞ்சாலை, இடையில் திராட்சை. இந்தச் சரிவை 1,247 துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை இந்தத் துண்டுகள்தான். உச்சியில் மண் மெல்லிசு, குளிர் அதிகம். அடியில் மண் கனம், ஈரம் தேங்கும். இடுப்புப் பகுதியில் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்து, தண்ணீர் வடிந்து, காலை வெயில் நேராக விழும். ‘கிராங் க்ரூ’ என்கிற முதல் தரம் பெரும்பாலும் அந்த இடுப்பில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே ‘பிரமியே க்ரூ’, பிறகு ஊர்ப் பெயர் மட்டும் போட்டவை, கடைசியில் வட்டாரப் பெயர். நேற்று நான் குடித்தது கடைசி வகை.

வோன் ரோமானே ஊருக்கு வெளியே, தாழ்ந்த கல்சுவருக்குப் பின்னால் ரோமானே கோந்தி தோட்டம். 2 ஹெக்டேர்கூட இல்லை. ஓரத்தில் ஒரு கல் சிலுவை, தோட்டத்துக்குள் இறங்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளும் ஒரு பலகை. இங்கே விளைந்த 1945ஆம் வருஷத்து பாட்டில் ஒன்று 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. இவர் சுவரில் சாய்ந்து நின்று, “பக்கத்து வயலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கிறவர்களில் எத்தனை பேர் கண்ணைக் கட்டிவிட்டால் சரியாகச் சொல்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

குளோ த வூஜோ இன்னும் சுவாரசியம். சிஸ்டர்சியன் துறவிகள் 12ஆம் நூற்றாண்டிலிருந்து பயிரிட்டு, சுற்றிச் சுவர் கட்டிய 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் அது திருச்சபை கையைவிட்டுப் போனது. பிறகு பங்கு பங்காகப் பிரிந்து, இன்று ஒரே சுவருக்குள் சுமார் 80 சொந்தக்காரர்கள். ஒருவருக்கு நான்கு வரிசை, இன்னொருவருக்குப் பத்து. மேல் பகுதியில் அருமையான மண், நெடுஞ்சாலையை ஒட்டிய கீழ்ப்பகுதியில் சுமார். லேபிளில் மட்டும் எல்லாமே கிராங் க்ரூ. ஆகவே பர்கண்டியில் தோட்டத்தின் பெயரைவிட உற்பத்தியாளரின் பெயரைப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

மத்தியானம் ஒரு சிறிய குடும்பத் தோட்டத்தில் தொட்டி அறையைக் காட்டினார்கள். சாறு நொதிக்கும்போது தோல்கள் எல்லாம் மேலே மிதந்து கெட்டியான மூடியாகிவிடுகின்றன. அதை நீண்ட கம்பால் தினமும் அமுக்கி அமுக்கிச் சாற்றுக்குள் தள்ள வேண்டும். எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு அழுத்தமாக, எத்தனை நாள் என்பதில் ஒயினின் கனம் மாறும். பினோவை மென்மையாகத்தான் கையாள்வார்களாம், அதிகம் குத்தினால் விதையின் கசப்பு ஏறிவிடும். தொட்டிக்கு மேலே தலையை நீட்டப்போன என்னை அந்த அம்மாள் தோளைப் பிடித்து இழுத்தார். கரியமில வாயு. மயங்கி உள்ளே விழுந்து செத்தவர்கள் உண்டு என்றார் சாதாரணமாக.

பிறகு வட்டாரம், ஊர், பிரமியே க்ரூ என்று மூன்று கிளாஸ் பக்கத்துப் பக்கத்தில். நிறத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் விழுங்கிய பிறகு. முதலாவது பத்து நொடியில் மறைந்தது. மூன்றாவது வாய்க்குள் ரொம்ப நேரம் இருந்தது, இருக்க இருக்க மாறியது: பழம் போய் ஈர மண், அது போய் ஏதோ மசாலா. விலை உயர உயரக் கனம் கூடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு பர்கண்டி ஏமாற்றம்தான். இங்கே காசு கொடுத்து வாங்குவது நீளத்தை. என் பணப்பைக்கு நடுவிலிருந்த ஊர்ப் பெயர் ஒயின் போதும், மனசுக்கும் போதும்.

செவ்வாய், ஃப்ளூரி

காலையில் மாகோனைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. சுண்ணாம்புக்கல் முடிந்து, சிவந்த கிரானைட் மண்ணும் வட்ட வட்டமான குன்றுகளும் வருகின்றன. போஜோலே. இங்கே ராஜா கமே.

கமே திராட்சையின் கதை சிறிதளவு சோகம். 1395இல் பர்கண்டிப் பிரபு பிலிப், கமே ஒரு துரோகச் செடி, மகசூல் மிகுதி, சரக்கு மட்டம் என்று சொல்லித் தன் நிலத்திலிருந்து வேரோடு பிடுங்கச் சொல்லி ஆணை போட்டார். பினோ மட்டும் இருந்தால் போதும் என்றார். அது தெற்கே வந்து இந்தக் கிரானைட்டில் பிழைத்துக்கொண்டது. 1999இல் மரபணுவைப் பரிசோதித்தபோது தெரிந்தது: கமே பினோவின் பிள்ளை. மறுபக்கப் பெற்றோர் கூவே பிளாங் என்கிற, யாரும் மதிக்காத வெள்ளைத் திராட்சை. அந்தஸ்து பார்த்து வீட்டைவிட்டுத் துரத்தியது சொந்தப் பிள்ளையை.

அவமானம் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நவம்பர் மூன்றாம் வியாழனும் ‘போஜோலே நூவோ’ என்று அறுவடையான சில வாரத்திலேயே பாட்டிலில் அடைத்து உலகம் முழுக்க விற்கிறார்கள். வாழைப்பழ வாசம் அடிக்கும் அந்த இளசைக் குடித்தவர்கள் போஜோலே என்றால் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வடக்குப் பகுதியில் ஃப்ளூரி, மோர்கோன், மூலாங் அ வாங் என்று பத்து ஊர்கள் தங்கள் பெயரிலேயே ஒயின் போடுகின்றன. லேபிளில் போஜோலே என்ற சொல்லே பெரும்பாலும் இருக்காது.

ரகசியம் தொட்டியில். நேற்றுப் பார்த்த இடத்தில் பழத்தை நசுக்கினார்கள். இங்கே கையால் பறித்த குலையை முழுசாக அப்படியே மூடிய தொட்டிக்குள் போடுகிறார்கள். உள்ளே கரியமில வாயு நிறைந்ததும் ஒவ்வொரு பழமும் நசுங்காமலே தன் தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்குகிறது. துவர்ப்பு அதிகம் ஊறுவதற்கு முன்பே நிறமும் பழவாசமும் வந்துவிடுகின்றன. அதனால்தான் கமே ஒயின் வாயில் இவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறது.

ஃப்ளூரியில் குடித்ததில் ஊதாப்பூ வாசம், பிடிப்பே இல்லை. பத்து நிமிஷக் கார் தூரத்தில் மூலாங் அ வாங். பழைய காற்றாலை ஒன்று குன்றின் மேல் நிற்கிறது, மண்ணில் மாங்கனீஸ் கலந்திருக்கிறது. அங்கே அதே கமே கருத்து இறுகி, சில வருஷம் வைத்துக் குடிக்கலாம் போல இருந்தது. மோர்கோனின் பி குன்றில் நீலம் பாய்ந்த பாறை. அங்கே விளைந்த ஆறு வயது ஒயினைக் கொடுத்தார்கள். கண்ணை மூடிக் குடித்திருந்தால் பினோ என்றே சொல்லியிருப்பேன். பிள்ளைக்கு வயதாக ஆக அப்பன் முகம் வருகிறது.

இன்னொன்று. மூன்று இடத்திலும் சில்லென்று கொடுத்தார்கள், 13 டிகிரி வாக்கில். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்கிற விதி கற்சுவர் வீடுகளில் கணப்பு எரிந்த காலத்து ஐரோப்பாவில் பிறந்தது. சென்னையில் அறை வெப்பம் 32 டிகிரி. அந்தச் சூட்டில் எந்த ஒயினும் சாராய நெடிதான் அடிக்கும். வீட்டில் எந்தச் சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் திறக்கிறேன். கமே என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம்.

இங்கே உற்பத்தியாளர் வீட்டு வாசலில் நல்ல பாட்டில் வாங்கும் விலையில் நேற்றைய ஊரில் அரை பாட்டில்கூட வராது.

புதன், லியோன்

மழை. தங்கியது சமையலறை உள்ள வாடகை வீடு. மதியம் பழைய பாணிச் சாப்பாட்டுக் கடையில் இவருக்குப் பூண்டும் மூலிகையும் அடித்த தயிர்ப்பாலாடைக்கட்டி, எனக்கு அடிப்பக்கம் தடித்த 46 சென்டிலிட்டர் பாட்டிலில் போஜோலே. இந்த ஊருக்கு ரோன், சோன் போக மூன்றாவது ஆறு போஜோலே என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

சாயங்காலம் சூட்கேஸிலிருந்து செட்டிநாட்டு மசாலாப் பொடி வெளியே வந்தது. பிரெஞ்சுக் கோழிக்கு அது பழக்கமில்லை, ஆனால் ஒத்துழைத்தது. நேற்று வாங்கிய மோர்கோன் ஒரு கிளாஸ், கீழே கடையில் வாங்கிய தெற்கத்தி ரோன் ஒரு கிளாஸ், 15 சதவீத ஆல்கஹால். கோழி ஒரு வாய், அது ஒரு மிடறு. கோழி ஒரு வாய், இது ஒரு மிடறு.

கனமான ஒயின் காரத்தைத் தூக்கிவிட்டது. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பு அதன்மேல் உப்புத்தாள் தேய்க்கும். காது வரை எரிந்தது. சில்லென்ற மோர்கோன் புளிப்பால் வாயைக் கழுவிவிட்டு, அடுத்த வாய்க்கு இடம் செய்து கொடுத்தது. நம்மூரில் சிவப்பு ஒயின் வாங்கப் போனால் “நல்லா ஸ்ட்ராங்கா குடுங்க” என்றுதான் கேட்கிறோம். நம்முடைய சாப்பாட்டுக்கு அது நேர் எதிர். மட்டன் சுக்காவுக்குக் கனமான ஒயின் என்று பலர் எழுதுகிறார்கள். எழுதியவர்கள் காரம் குறைத்த சுக்கா சாப்பிட்டிருக்க வேண்டும்.

வியாழன், தாங் எர்மிதாஷ்

லியோனுக்குத் தெற்கே ரோன் பள்ளத்தாக்கு சட்டென்று ஒடுங்குகிறது. வியன் தாண்டியதும் ஆம்பூயி ஊருக்குப் பின்னால் கோத் ரோத்தி சரிவு. ஏணி வைத்து ஏறுகிற மாதிரி செங்குத்து, படி படியாகக் கல்சுவர், ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பு. டிராக்டர் போகாது, எல்லாம் மனிதக் கை. கட்டுபடியாகாமல் ஒரு காலத்தில் விவசாயிகள் கைவிட்டு, 1970களில் 100 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிப்போனது. இன்று 300 ஹெக்டேருக்கும் மேல்.

இங்கிருந்து சிரா ராஜ்யம். கோத் ரோத்தியில் மட்டும் ஒரு விசித்திர வழக்கம்: கறுப்பு சிராவோடு வியோனியே என்கிற வெள்ளைத் திராட்சையையும் ஒரே தொட்டியில் சேர்த்து நொதிக்கவிடலாம், 20 சதவீதம் வரை. பெரும்பாலோர் சேர்ப்பது அதைவிட மிகக் குறைவு. வாசம் ஏறுகிறது. வெள்ளையைச் சேர்த்தும் நிறம் வெளிறாமல் நிலைக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

தாங் ஊரில் கிரானைட் குன்று ஆற்றை மறித்து நிற்கிறது. ரோன் அதைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. தெற்கு வெயில் நேராகச் சரிவில் விழுகிறது. உச்சியில் சின்னக் கல் தேவாலயம். 1224இல் சிலுவைப் போரிலிருந்து காயத்தோடு திரும்பிய ஸ்தெரிம்பேர் என்ற வீரர் இந்தக் குன்றில் துறவியாகத் தங்கிக் கொடி நட்டார் என்று கதை. எர்மிதாஷ் தோட்டம் மொத்தம் 140 ஹெக்டேருக்கும் கீழே. ஒருகாலத்தில் போர்தோ வியாபாரிகள் தங்கள் சோகையான ஒயினுக்குத் தெம்பேற்ற இதை வாங்கிக் கலந்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. கலந்த சரக்குக்கு விலை கூட. குன்றின் சுவர்களில் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர்கள். ஷாப்பூத்தியே என்ற கம்பெனி 1996 முதல் தன் லேபிள்களில் பிரெய்ல் எழுத்தும் அச்சிடுகிறது. விரலால் தடவிப் பார்த்தேன்.

சிராவுக்கு ஷிராஸ் என்றும் பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்து இது பாரசீகத்திலிருந்து வந்தது என்று நானும் எங்கெங்கோ படித்திருந்தேன். 1998இல் மரபணுச் சோதனை அதை முடித்துவைத்தது: பெற்றோர் துரேசா, மோந்தூஸ் பிளான்ஷ், இரண்டுமே இந்தத் தென்கிழக்கு பிரான்ஸின் திராட்சைகள். சுத்தமான உள்ளூர்ப் பிள்ளை.

சுவைக்கும் கூடத்தில் அடிவாரத்து க்ரோஸ் எர்மிதாஷ் முதலில் வந்தது. மை நிறம், ஓரத்தில் ஊதா. எனக்கு நாவல்பழம், புகை, கறுப்பு ஆலிவ். துவர்ப்பு ஈறில் ஏறி உட்கார்ந்தது. இவரிடம் கிளாஸை நீட்டினேன். மூக்கு உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது.

“மிளகு! நல்ல முத்தின மிளகு. உடைச்ச உடனே வர்ற வாசம். என்ன, பொடி போட்டிருக்காங்களா?”

கொடுத்த பையன் சிரித்துவிட்டான். சிராவில் ரொட்டண்டோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டுபிடித்துச் சொன்னது. மிளகில் மிளகு வாசம் தருவதும் சாட்சாத் அதே பொருள்தான். ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். குளிர்ந்த சரிவில், மெதுவாகப் பழுத்த பழத்தில் கூடுதலாக இருக்கும். அதனால்தான் வெயில் கொளுத்தும் இடத்து ஷிராஸில் மிளகு அடங்கி ஜாம் வாசம் தூக்குகிறது. ஒரே திராட்சை, பெயரும் குணமும் வேறு.

எனக்கு மிளகு வரவில்லை. மறுபடி முகர்ந்தேன், கிளாஸைச் சுழற்றினேன், கையால் மூடி வைத்துத் திறந்தேன். ஆலிவ் வருகிறது, புகை வருகிறது, மிளகு இல்லை. அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் ரொம்பக் கூடுதலாக இருந்தாலும் தெரியாதாம்.

“ஓ” என்றார் இவர், ரொம்ப நிதானமாக. “இத்தனை வருஷமா உன் ரசத்துல மிளகு ஏன் தூக்கலா இருக்குன்னு இப்பதான் தெரியுது.”

அடுத்து வந்த எர்மிதாஷ் ஒன்பது வயதுச் சரக்கு. துவர்ப்பு பட்டாக மாறியிருந்தது, மாமிசமும் பதனிட்ட தோலும் கலந்த வாசம். இந்தப் பயணத்தில் குடித்ததில் இதுவே உச்சம் என்று நினைக்கிறேன். விலையைச் சொன்னதும் இவர் வாசல்பக்கம் பார்க்கத் தொடங்கினார். ஆற்றின் குறுக்கே 1849இல் கட்டிய தொங்கு நடைபாலத்தில் துர்னோன் பக்கம் நடந்து போய்க் காப்பி குடித்தோம்.

வெள்ளி, ஷாத்தோநெஃப் தூ பாப்

மிஸ்த்ரால் அடிக்கிறது. வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்று, கார்க் கதவைத் திறக்கவே பலம் வேண்டும். கொடிகளுக்கு இது வைத்தியர். ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சையை அண்டவிடுவதில்லை.

1309இல் போப்பாண்டவர் ரோமுக்குப் போகாமல் அவிஞோன் வந்து சேர்ந்தார். அடுத்து வந்த 22ஆம் ஜான் இந்தக் குன்றில் கோடைக் கோட்டை கட்டினார். இப்போது மிச்சம் இரண்டு சுவர்தான். ஏற்கெனவே சிதைந்துபோன கோட்டையில் மிஞ்சியிருந்த கோபுரத்தின் பாதியை 1944இல் ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. மேலே நின்று மேற்கே பார்த்தால் ஆற்றுக்கு அக்கரையில் ரோக்மோர். பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களையே தின்று தீர்த்த ஃபிலாக்ஸெரா பூச்சி 1863 வாக்கில் முதலில் தலைகாட்டிய ஊர், ஒரு வியாபாரி வரவழைத்த அமெரிக்கக் கொடிகளின் வேரில் ஒட்டிக்கொண்டு. அதனால் இன்று ஐரோப்பாவில் கிட்டத்தட்ட எல்லாக் கொடியும் அமெரிக்க வேரின் மேல் ஒட்டுப்போட்டது.

தோட்டத்தில் மண்ணே தெரியவில்லை. தேங்காய் பருமனில் உருண்டைக் கற்கள். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும் என்பார்கள். கிரெனாஷ் அறுவடை முடிந்திருந்தது. மெதுவாகப் பழுக்கும் மூர்வெத்ரை இன்னும் பறித்துக்கொண்டிருந்தார்கள். 13 திராட்சை வகைகளுக்கு அனுமதி, நிறம் நிறமாகப் பிரித்து எண்ணினால் 18. கிரெனாஷ் சர்க்கரை ஏறிய திராட்சை, ஆகவே ஆல்கஹால் 14, 15 என்று போகிறது. தோல் மெல்லிசு, நிறம் சுமார், காற்றுப் பட்டால் சீக்கிரம் வாடிவிடும் என்பதால் சின்ன பீப்பாயைத் தவிர்த்து சிமென்ட் தொட்டியிலும் பெரிய பழைய மரத் தொட்டியிலும் வைக்கிறார்கள். சிராவும் மூர்வெத்ரும் அதற்கு முதுகெலும்பு தருகின்றன. தனித்தனியாக மூன்றையும் ஊற்றிக்கொடுத்துப் பிறகு கலவையைக் கொடுத்தார்கள். கிரெனாஷ் மட்டும் இனிப்பும் சூடுமாய்ப் பரந்து கிடந்தது. மூர்வெத்ர் தனியாக முரட்டு ஆள், குடிக்க முடியவில்லை. சேர்ந்தபோது ஒன்றின் ஓட்டையை ஒன்று அடைத்துக்கொண்டது. போர்தோக்காரர்கள் ஏன் கலக்கிறார்கள் என்பதும் புரிந்தது.

உள்ளூர் பெருமை இரண்டு. பரோன் லெ ருவா என்ற தோட்டக்காரர் 1920களில் கலப்படத்துக்கு எதிராக இங்கே எழுதிய விதிகள்தான் பின்னால் பிரான்ஸ் முழுமைக்கும் ஊர்ப்பெயர்ச் சட்டமாக வளர்ந்தன. 1936இல் முதலில் அந்தச் சான்று பெற்றவற்றில் இந்த ஊரும் ஒன்று. இரண்டாவது, 1954இல் மேயர் போட்ட உத்தரவு: பறக்கும் தட்டுகள் இந்த ஊர் எல்லைக்குள் இறங்கக் கூடாது, இறங்கினால் பறிமுதல். இதுவரை எதுவும் இறங்கவில்லை என்பதால் சட்டம் வேலை செய்கிறது என்றார் ஊற்றிக்கொடுத்தவர்.

ஒயின் எப்படி? பெரிது, வெதுவெதுப்பு, உலர்ந்த அத்தியும் காட்டு மூலிகையும். முதல் கிளாஸ் அட்டகாசம். இரண்டாவதைத் துப்பும் பாத்திரத்தில் ஊற்றினேன். போன் நகரத்து வெளிறிய பினோவில் இரண்டாவது கிளாஸும் கேட்டது மனசு. இது மட்டமில்லை, அடுப்பில் மெதுவாக வெந்த ஆட்டுக்கறிக்கும் டிசம்பர் குளிருக்கும் பிறந்தது. எங்கள் வீட்டில் இரண்டும் அரிது.

சனி, அவிஞோன்

பெட்டி கட்டும் நாள். இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் மதுவுக்கு வரி கிடையாது. அதாவது 750 மில்லியில் ஆளுக்கு இரண்டு பாட்டில், மொத்தம் நான்கு. குடிக்காதவருக்கும் இந்த உரிமை உண்டு என்பதை விமான டிக்கெட் எடுத்த அன்றே நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

என் பட்டியல்: மோர்கோன் ஒன்று, மீன் குழம்புக்கும் கோழிக்கும். மூலாங் அ வாங் ஒன்று, நாலு வருஷம் மறந்துபோக. வூஜோ அம்மாளின் ஊர்ப் பெயர் பினோ ஒன்று, கல்யாண நாளுக்கு. கனமானது எதுவும் இல்லை. கடைசி இடத்துக்கு இன்னொரு மோர்கோன் என்றேன்.

“அதெப்படி? ரெண்டு லிட்டர் என் பேர்ல போகுது” என்றார் இவர். “எனக்கு அந்த மிளகு ஒயின்தான் வேணும்.”

“நீங்கதான் குடிக்க மாட்டீங்களே.”

“குடிக்கறது நீ. திறக்கறப்ப கூப்பிடு, அது போதும்.”

க்ரோஸ் எர்மிதாஷ் இவருடைய இரண்டு பேன்ட்டுக்கு நடுவே படுத்திருக்கிறது. பெட்டி எடை 22.6 கிலோ.